அந்தக் கடற்கரையில் நீங்கள் இல்லை

அன்புள்ள நண்பருக்கு,

கோவையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பம்புசெட் கம்பெனியில் விற்பனைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறீர்கள். அடுத்த மாதம் டீலர் மீட்டிங். டீலர்களோடு மெக்கானிக்குகளும் வருகிறார்கள். ஸ்கீமும் டார்கெட்டும் மட்டும் பேசாமல் மனதில் நிற்கிற மாதிரி ஒரு கதை சொல்லுங்கள் என்று முதலாளி கேட்டிருக்கிறார். நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது நட்சத்திர மீன் கதை. கரையில் ஆயிரக்கணக்கில் ஒதுங்கிக் கிடக்கும் மீன்களை ஒரு சிறுவன் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் எறிகிறான்; இத்தனையையும் உன்னால் காப்பாற்ற முடியுமா என்று கேட்பவரிடம், கையில் இருக்கும் ஒன்றைக் காட்டி, இதைக் காப்பாற்றிவிட்டேன் என்கிறான். இதை மெரினாவில் உங்கள் கண்முன்னால் நடந்ததாகச் சொன்னால் என்ன என்பது உங்கள் கேள்வி. யாருக்கு என்ன நஷ்டம் என்றும், புதிய கதை என்று உலகத்தில் எது இருக்கிறது என்றும், ஆயிரம் வருடமாக நாம் ஒரே ராமாயணத்தைத்தானே சொல்லி வருகிறோம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கதையை நீங்கள் தாராளமாகச் சொல்லலாம். மெரினா மட்டும் வேண்டாம். அந்தக் கடற்கரையில் நீங்கள் இல்லை.

முதலில் அந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லோரன் ஐஸ்லி என்ற அமெரிக்க மானுடவியலாளர், பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர், 1969இல் ஒரு கட்டுரைத் தொகுதி வெளியிட்டார். நட்சத்திர மீன்களை எறிபவன் அதில் ஒரு கட்டுரையில் வருகிறான். அவன் சிறுவன் இல்லை, வளர்ந்த மனிதன். அந்தக் கரையில் விடியும் முன்பே கூட்டம் இருக்கிறது. புயலில் ஒதுங்கிய சிப்பிகளையும் நத்தைகளையும் பொறுக்க வந்த சுற்றுலாப் பயணிகள் அவர்கள். ஓடு சுத்தமாக வேண்டும் என்பதற்காக, உள்ளே உயிரோடு இருப்பதை அப்படியே கொதிநீரில் போட்டு வேகவைக்கிறார்கள். விடுதிக்காரர்களே அதற்கு அண்டா வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போனால் ஒருவன் மட்டும் தனியாக, கடலுக்கே திருப்பி எறிந்துகொண்டிருக்கிறான். கதை சொல்பவர் ஒரு விஞ்ஞானி. உயிர்கள் பிறப்பதும் அழிவதும் இயற்கையின் கணக்கு என்று படித்தவர். அவர் அவனை விட்டு விலகிப் போகிறார். தன்னோடு நெடுநேரம் போராடிய பிறகே திரும்பி வந்து, அவன் பக்கத்தில் நின்று தானும் எறிகிறார். மேடைகளில் கைதட்டு வாங்கும் அந்தப் பதில் வசனம் ஐஸ்லியின் கட்டுரையில் கிடையாது. பிற்பாடு சொன்னவர்கள் சேர்த்தது அது.

இப்போது அந்த அண்டாக்களை நினைத்துப் பாருங்கள். வாய்மாறி வாய்மாறி வந்ததில் முதலில் அவைதான் காணாமல் போயின. கதை இனிப்பாகிவிட்டது. கேட்டவர்கள் சிரித்த முகத்தோடு சாப்பிடப் போகிற மாதிரி ஆகிவிட்டது. மூலத்தை ஒருமுறை படித்தவர் அந்த அண்டாவைச் சொல்லாமல் இருக்க மாட்டார். சுற்றிலும் எல்லோரும் தங்கள் ஆசைக்காக வேகவைத்துக்கொண்டிருக்கும்போது ஒருவன் மட்டும் எதிர்த்திசையில் ஒரு வேலை செய்கிறான் என்பது வியாபாரிகளின் கூட்டத்துக்கு எவ்வளவு பொருத்தமான செய்தி! மூலத்தைத் தேடிப் படித்துவிட்டு, இது ஐஸ்லி எழுதியது என்று சொல்லி, உங்கள் அரங்கில் இதுவரை யாரும் கேட்டிராத அந்தப் பகுதியைச் சொன்னீர்கள் என்றால், பழைய கதையிலேயே நீங்கள் புதிதாக ஒன்றைக் கொடுத்தவராகிறீர்கள்.

யாருக்கு என்ன நஷ்டம் என்ற கேள்விக்கு 1987ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த மே மாதம் பிரிட்டனில் தேர்தல் பிரசாரம். தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக், வேல்ஸ் கடலோர ஊரான லாண்டட்னோவில் ஒரு பேச்சுப் பேசினார். அவர் சுரங்கத் தொழிலாளியின் மகன். தன் வம்சத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் ஏன் தானாக இருக்க வேண்டும், முன்னோர்களுக்கு அறிவு இல்லையா, திறமை இல்லையா, இல்லை, அவர்களுக்கு ஏறி நிற்க ஒரு மேடை இல்லை என்கிற பொருளில் பேசினார். அது கட்சியின் விளம்பரப் படத்திலும் இடம்பெற்றது. தேர்தலில் கட்சி தோற்றது, பேச்சு நிலைத்தது. அதன் ஒளிநாடா அமெரிக்காவுக்குப் போய், ஜனாதிபதி வேட்பாளராக விரும்பிய செனட்டர் ஜோ பைடனின் கைக்கு வந்தது. அவர் அதை மிகவும் ரசித்தார். பல கூட்டங்களில் கின்னக்கின் பெயரைச் சொல்லியே அதைப் பயன்படுத்தவும் செய்தார்.

ஆகஸ்ட் மாதம் அயோவா மாநிலக் கண்காட்சியில் நடந்த விவாதத்தின் முடிவுரையில் அந்தப் பெயர் விழுந்துவிட்டது. கின்னக்கின் இடத்தில் பைடன் வந்துவிட்டார். தன் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் ஏன் தானாக இருக்க வேண்டும் என்று கேட்டார். பார்வையாளர்களுக்கு நடுவே இருந்த மனைவியையும் அந்த வரிசையில் சேர்த்தார். பென்சில்வேனியா சுரங்கத்தில் வேலை செய்துவிட்டு மேலே வந்து பந்து விளையாடிய முன்னோர்களைப் பற்றிப் பேசினார். செப்டம்பர் 12ஆம் தேதி நியூயார்க் டைம்ஸில் மாரீன் டௌட் எழுதிய செய்தி வந்தது. போட்டி வேட்பாளர் ஒருவரின் தரப்பினர் இரண்டு பேச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒளிநாடாவாகவே பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கிளறினார்கள்: மற்ற தலைவர்களின் பேச்சிலிருந்து எடுத்த வாக்கியங்கள், சட்டக் கல்லூரி நாளில் முறையாகக் குறிப்பிடாமல் பக்கம் பக்கமாக எடுத்து எழுதிய ஒரு கட்டுரை. செப்டம்பர் 23ஆம் தேதி அவர் போட்டியிலிருந்து விலகினார்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது ஒரு விஷயத்தை. வாக்கியத்தை எடுத்ததற்காக மட்டும் அவர் இவ்வளவு அடிபட்டிருப்பாரா? அரசியல்வாதிகள் வாக்கியங்களை எடுத்துக்கொள்வது அன்றாடம் நடப்பதுதான். இங்கே எடுக்கப்பட்டது ஒரு வாழ்க்கை. சுரங்கத்தின் கரி இன்னொருவரின் அப்பாவுடைய உடலில் படிந்தது. அதைத் தன் வீட்டுக் கதையாகச் சொன்னபோது கேட்பவர்கள் கொடுத்த பரிவு தவறான விலாசத்துக்குப் போனது. உண்மை தெரிந்ததும் அவர்கள் கோபப்பட்டது கின்னக்குக்காக அல்ல. தங்கள் பரிவை வாங்கிக்கொண்டு போய்விட்டாரே என்று தங்களுக்காகக் கோபப்பட்டார்கள். நஷ்டம் யாருக்கு என்று கேட்டீர்களே, கேட்பவருக்குத்தான். உங்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் ஒருவர் மெரினாச் சிறுவனை நம்பி, வீட்டுக்குப் போய்த் தன் மகளிடம் சொல்லுவார். அந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் அதே கதையை வேறு கடற்கரையில் ஏற்கெனவே கேட்டிருப்பாள். அதற்குப் பிறகு நீங்கள் வாரண்டியைப் பற்றிச் சொன்னது எல்லாம் என்ன ஆகும்?

ராமாயணத்தைப் பற்றிய உங்கள் கேள்வி ஆழமானது. அதை நான் லேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. நம் மரபில் கதை புதிதாக இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. தொல்காப்பிய மரபியலே நூல்களை முதனூல், வழிநூல் என்று பிரித்து, வழிநூலுக்கு உரிய இடத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் வழிநூல் செய்தவர்கள் வழியை மறைத்தார்களா? கம்பர் தமக்கு முன்னே வால்மீகி பாடியதை அவையடக்கத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார். பெரியபுராணம் இதற்கு இன்னும் நல்ல சாட்சி. சுந்தரர் 11 பாடல்களில் அடியார்களின் பெயரைத் தொகுத்தார். நம்பியாண்டார் நம்பி அதை அந்தாதியாக வகைப்படுத்தினார். சேக்கிழார் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களாக விரித்தார். தொகை, வகை, விரி என்று இந்த மூன்று படியும் ஒளிவுமறைவு இல்லாமல் கண்முன்னே நிற்கின்றன. சேக்கிழார் முன்னவர் இருவருக்கும் கடன்பட்டதைச் சொன்னதால் அவர் புகழில் ஒரு மாற்றுக் குறைந்ததா? இன்றைக்கும் கோயில் மண்டபத்தில் உபன்யாசம் செய்பவர், இது கம்பன் சொன்னது, இது வால்மீகியில் இல்லாதது, இது கிராமத்தில் வழங்குவது என்று பிரித்துப் பிரித்துத்தான் சொல்கிறார். கேட்பவர்களுக்கு அந்தப் பிரிப்பே ஒரு ருசி. நம் மரபு கதையைப் பொதுவில் வைத்தது. கதை வந்த வழியைச் சொல்லும் கடமையையும் கூடவே வைத்தது.

அமெரிக்கக் கறுப்பினத் திருச்சபைகளிலும் இதற்கு நெருக்கமான ஒரு மரபு உண்டு. ஒரு போதகர் சொன்ன உவமையை, சொற்றொடரை, ஏற்ற இறக்கத்தை இன்னொருவர் எடுத்துத் தம் சபையில் பேசுவார். சபையும் கூடவே குரல் கொடுக்கும். மார்ட்டின் லூதர் கிங் அந்த மண்ணில் வளர்ந்தவர். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் பேசிய பேச்சின் முடிவுப் பகுதி, ஆர்ச்சிபால்ட் கேரி என்ற போதகர் 1952இல் குடியரசுக் கட்சி மாநாட்டில் பேசியதை நினைவூட்டுகிறது. இருவரும் அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேசபக்திப் பாட்டை எடுத்து, மலை மலையாகப் பெயர் சொல்லி விரித்துக்கொண்டு போகிறார்கள். கனவுப் பகுதியும் அன்றைக்குப் பிறந்ததில்லை. 1962 நவம்பரில் வட கரோலினாவின் ராக்கி மவுண்ட்டிலும், 1963 ஜூனில் டெட்ராய்ட்டிலும் அதைப் பேசியிருக்கிறார். வாஷிங்டனில் எழுதி வைத்திருந்த தாளில் அது இல்லை. மேடைக்குப் பக்கத்திலிருந்து பாடகி மஹாலியா ஜாக்சன், அந்தக் கனவைச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்தார். பல முறை பேசிப் பேசிப் பழகியது அந்த இடத்தில் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வேறு உயரத்துக்குப் போனது.

அதே கிங்கின் முனைவர் பட்ட ஆய்வேட்டை பாஸ்டன் பல்கலைக்கழகம் ஒரு குழுவை வைத்து ஆராய்ந்தது. வேறொருவரின் ஆய்வேட்டிலிருந்து பகுதிகள் முறையாகக் குறிப்பிடாமல் எடுக்கப்பட்டிருக்கின்றன என்று 1991இல் அறிவித்தது. பட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் நூலகப் பிரதியோடு அந்தக் கண்டறிதலைச் சொல்லும் கடிதம் ஒன்றை இணைத்தது. ஒரே மனிதர், ஒரே பழக்கம். பிரசங்க மேடையில் அது மரபு. ஆய்வேட்டில் அது குற்றம். ஏனென்றால் படிப்பவருக்கோ கேட்பவருக்கோ கொடுத்த வாக்கு இரண்டு இடத்திலும் ஒன்றல்ல. ஆய்வேடு, இது என் உழைப்பு என்று வாக்குக் கொடுக்கிறது. பிரசங்கம் அப்படிக் கொடுப்பதில்லை. ஆகவே ஒரு கதையைச் சொல்வதற்கு முன்னால், இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை யாருடையது என்று நினைப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். தெனாலிராமன் கதையை யாரும் உங்களுடையது என்று எண்ணப் போவதில்லை. அதற்கு முன்னுரை தேவையில்லை. "போன மாதம் மெரினாவில் நான் நடந்துகொண்டிருந்தபோது" என்று தொடங்கிய கணமே நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏறிவிடுகிறீர்கள்.

சட்டத்தையும் கேட்டிருந்தீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி பொதுவில் ஆற்றிய உரைக்கு முதல் உரிமையாளர் அதைப் பேசியவர். இன்னொருவருக்காகப் பேசியிருந்தால் அந்த இன்னொருவர். கருவுக்கும் கதைப்பொருளுக்கும் உரிமை கிடையாது, அது வெளிப்பட்ட விதத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பேச்சுப் பயிற்சி மன்றமான டோஸ்ட்மாஸ்டர்ஸ் தன் போட்டிகளில் இதைவிடக் கறாராக இருக்கிறது. உரையில் கால் பங்குக்கு மேல் பிறருடைய சரக்கு இருக்கக் கூடாது. அந்தக் கால் பங்கையும் பேசும்போதே யாருடையது என்று சொல்ல வேண்டும். உரை தன்னுடையதுதான் என்று போட்டியாளர் கையெழுத்தும் போட வேண்டும். டீலர் மீட்டிங்குக்கு எந்தக் கையெழுத்தும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி வியாபாரக் கதைக்கு வருகிறேன். இந்தத் துறையில் நான் பெரிதும் மதிப்பவர் ஸ்டீபன் டென்னிங். உலக வங்கியில் ஆப்பிரிக்கப் பிரிவில் உயர் பதவியில் இருந்தவர். 1996இல் அவரைத் தகவல் மேலாண்மைப் பக்கம் அனுப்பினார்கள். வங்கியிடம் இருக்கும் கடன் பணத்தைவிட அதன் அனுபவ அறிவு பெரிய சொத்து, அதை உலகத்தோடு பகிர வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வரைபடங்களோடு விளக்கிப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு சின்னச் செய்தியைச் சொல்ல ஆரம்பித்தார். 1995 ஜூனில் சாம்பியா நாட்டில் கமானா என்ற சிற்றூரில் ஒரு சுகாதார ஊழியர், மலேரியா சிகிச்சை பற்றிய ஒரு சந்தேகத்துக்கு, அட்லாண்டாவில் இருக்கும் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் இணையதளத்துக்குள் போய் விடையைப் பெற்றுக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குப் பிறகு டென்னிங் ஒன்றைச் சேர்ப்பார்: இது நடந்தது 2015இல் இல்லை, 1995இல்; தலைநகரில் இல்லை, அங்கிருந்து 600 கிலோமீட்டர் தொலைவில்; உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்றில். இந்தப் படத்தில் உலக வங்கி மட்டும் இல்லை.

கடைசி வரியில்தான் அத்தனை பலமும். கேட்ட அதிகாரிகள் ஒவ்வொருவரும், நாம் ஏன் அதில் இல்லை, இருந்தால் எப்படி இருக்கும் என்று தங்கள் மனதில் தாங்களே ஒரு கதையை ஓட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். 1996 அக்டோபரில் வங்கியின் தலைவர் ஜேம்ஸ் உல்ஃபன்சன், உலக வங்கியை அறிவு வங்கியாக்குவோம் என்று வருடாந்திரக் கூட்டத்தில் அறிவித்தார். அந்தச் சுகாதார ஊழியர் டென்னிங் இல்லை. டென்னிங் கமானாவுக்குப் போனவராகவும் காட்டிக்கொள்ளவில்லை. கதை பிறருடையது, ஊர், மாதம், ஆண்டு எல்லாம் தெளிவாக இருந்தன, யாராவது சரிபார்க்க விரும்பினால் பார்க்கலாம். அதிலிருந்து தன் கூட்டத்துக்கு எழுந்த கேள்விதான் டென்னிங்குடையது. சொந்தச் சரக்கு என்றால் அதுதான்.

சரிபார்த்தல் என்றேன் அல்லவா, வியாபார மேடைகளில் இது கிட்டத்தட்ட இல்லை. அமெரிக்கா விண்வெளிப் பேனாவுக்குக் கோடிக்கணக்கில் கொட்டியது, ரஷ்யர்கள் பென்சிலை எடுத்துக்கொண்டார்கள் என்ற கதை உங்கள் மீட்டிங்கிலும் ஒருமுறையாவது ஒலித்திருக்கும். உண்மையில் நாசாவும் பென்சிலில்தான் எழுதிக்கொண்டிருந்தது. 1965இல் 34 இயந்திரப் பென்சில்களை ஒன்று 128.89 டாலர் விலைக்கு வாங்கி, அதற்காகத்தான் வசவு கேட்டது. பேனாவைச் செய்தவர் பால் ஃபிஷர் என்ற தனியார் உற்பத்தியாளர், செலவும் அவருடையதே. முனை ஒடிந்து மிதக்கும் கிராஃபைட் துகள் மின்கருவிகளுக்கு ஆபத்து. 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 கலத்தில் மூன்று விண்வெளி வீரர்கள் தீ விபத்தில் இறந்த பிறகு, எரியக்கூடிய எதையும் உள்ளே வைக்க எல்லோருக்கும் அச்சம். சோதித்துப் பார்த்துவிட்டு நாசா 400 பேனா வாங்கியது. 1969இல் சோவியத் யூனியனும் 100 வாங்கியது. பென்சில் ஏன் கூடாது என்று ‘நண்பன்’ படத்தின் மூலமான ‘3 இடியட்ஸ்’ படத்தில் பேராசிரியரே கடைசியில் பதில் சொல்கிறார். இருந்தும் மேடைகளில் பாதிக் கதைதான் ஓடுகிறது. மேடைக் கதை, எளிமை வென்றது என்கிறது. நடந்ததோ வேறு: ஒரு தனியார் உற்பத்தியாளர் தன் பணத்தைப் போட்டு, வாடிக்கையாளரின் உயிருக்கு ஆபத்தில்லாத பொருளைச் செய்து, எதிரெதிர் முகாம்கள் இரண்டுக்குமே விற்றார். பம்பு செய்கிறவர்களுக்கு எது மேலான கதை என்று நீங்களே சொல்லுங்கள்.

மேடைகளில் ஓடும் இன்னும் இரண்டு கதைகளும் இப்படித்தான். குறிக்கோளை எழுதி வைத்த 3 சதவீத யேல் பல்கலைக்கழக மாணவர்கள் பிற்காலத்தில் மற்ற 97 சதவீதத்தையும்விடச் செல்வந்தர்களானார்கள் என்ற 1953ஆம் ஆண்டு ஆய்வு நடக்கவே இல்லை. 1996இல் ஃபாஸ்ட் கம்பெனி என்ற பத்திரிகை அதைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியது. மெல்லச் சூடேறும் நீரில் தவளை பேசாமல் உட்கார்ந்திருக்கும் என்பதும் பொய். மூளையை அகற்றிய தவளைதான் அப்படி இருந்தது என்று ஜெர்மன் உடலியலாளர் கோல்ட்ஸ் 1869இலேயே சோதித்துவிட்டார்.

உங்கள் கடிதத்தில் இன்னொரு நேர்மையான வரி இருந்தது: சில கதைகளை எங்கே கேட்டேன் என்பதே மறந்துவிட்டது, என்னுடையது என்றே தோன்றுகிறது என்று. இது மனித மனத்தின் இயல்பு. பார்வையும் செவிப்புலனும் இல்லாத ஹெலன் கெல்லர் 11 வயதில் உறைபனி அரசனைப் பற்றி ஒரு கதை எழுதித் தன் பள்ளித் தலைவருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். அச்சில் வந்த பிறகு, அது மார்கரெட் கான்பி என்பவரின் கதையை ஒத்திருப்பது தெரிந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ கையில் எழுத்து எழுத்தாகத் தொட்டு அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கேட்டது நினைவில்லை, கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து அந்தக் குழந்தையை விசாரித்தார்கள். அதற்குப் பிறகு எதை எழுதினாலும், இது என் சொல்தானா என்ற பயம் தன்னை விடவில்லை என்று அவர் தன்வரலாற்றில் எழுதுகிறார். அந்த விசாரணையை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கசக்கிறது. மார்க் ட்வெய்னுக்கும் கொதித்தது. 1903இல் கெல்லருக்கு ஆறுதலாக ஒரு கடிதம் எழுதினார். அவருமே ஆலிவர் வெண்டல் ஹோம்ஸின் ஒரு நூற்சமர்ப்பணத்தைத் தன்னை அறியாமல் தன் முதல் பயண நூலில் அப்படியே எழுதியிருந்தவர். மறதிக்குத் தண்டனை கிடையாது. ஆனால் கதை கேட்ட அன்றைக்கே யார், எங்கே, எப்போது என்று ஒரு வரி குறித்து வைக்கலாம். வழக்கமாகப் பேசுகிறவர்களுக்கு அந்த நோட்டு அவசியம். மூலம் கிடைக்காவிட்டால், எங்கோ கேட்டது என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பெயர் சொன்னால் பேச்சின் வேகம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். 2005 ஜூன் 12 அன்று ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசிய பேச்சின் கடைசி வாசகம், இன்றுவரை டீ-ஷர்ட்டுகளில் அச்சாவது, அவருடையது இல்லை. 1970களில் ஸ்டூவர்ட் பிராண்ட் வெளியிட்ட ஒரு பட்டியல் புத்தகத்தின் பின்னட்டையில் இருந்தது. ஜாப்ஸ் அதை மறைக்கவில்லை. அந்தப் புத்தகம் எப்படித் தயாரானது, கடைசி இதழின் பின்னட்டையில் என்ன புகைப்படம் இருந்தது என்று நிதானமாகச் சொல்லிவிட்டுத்தான் அந்த வாசகத்துக்கு வந்தார். மூலம் சொல்வதையே அவர் கதையாக்கினார், வேகம் கூடியது.

சாட்ஜிபிடியிடம் ‘சொந்த அனுபவம்’ ஒன்றை எழுதி வாங்கலாம் என்று உங்கள் சக ஊழியர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வாக்கியத்தைச் செப்பனிட, பேச்சை வரிசைப்படுத்த அதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வதில், அதை எழுதியது மனிதரா கருவியா என்பதால் என்ன வித்தியாசம்? பைடன் எடுத்த வாழ்க்கையாவது ஒருவர் வாழ்ந்தது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனம் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்திலேயே நிற்கிறது. வேறு எதையோ சொல்ல வந்து, அடைப்புக்குறிக்குள் இரண்டு வரி போட்டிருக்கிறீர்கள். போன கோடையில் உடுமலைப் பக்கம் ஒரு விவசாயியின் மோட்டார் காயில் எரிந்துபோனது. சர்வீஸ் சென்டரில் ஒரு வாரம் ஆகும் என்றார்கள். உங்கள் மெக்கானிக் ஒருவர் தன் பட்டறையில் ரீவைண்டிங் செய்து வைத்திருந்த பழைய சப்மெர்சிபிளை ராத்திரியோடு ராத்திரியாக இறக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. "இது சின்ன விஷயம்" என்று முடித்துவிட்டீர்கள்.

நட்சத்திர மீனைவிட இது பெரிய விஷயம். அந்த இரண்டு வரியில் உங்கள் கம்பெனி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு வாரம் ஆகும் என்று சொன்ன இடத்தில் இருக்கிறது. டென்னிங்கின் கதையில் உலக வங்கி இல்லாததைப் போல, அந்த ராத்திரியில் நீங்கள் யாரும் இல்லை. இதை முதலாளிக்கு முன்னால் மேடையில் சொல்லத் துணிவு வேண்டும். முன்கூட்டியே அவரிடம் காட்டி, இதைச் சொல்லப் போகிறேன், ஸ்டாண்ட்பை மோட்டாருக்கு நாம் என்ன செய்யலாம் என்று அன்றைக்கே அறிவிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால்கூடக் கதை நிற்கும். வந்திருக்கும் டீலர்கள் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வார்கள்.

சொல்வதற்கு முன்னால் நேரில் போய் விசாரியுங்கள். என்ன மாதம், போர் எத்தனை அடி, எத்தனை எச்பி, தோட்டத்தில் என்ன பயிர், இன்னும் எத்தனை நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கியிருக்கும். பைப்பை மேலே இழுக்க யார் கை கொடுத்தார்கள், அந்த நேரத்தில் மும்முனை மின்சாரம் இருந்ததா. நீங்கள் கேள்விப்பட்டது, பார்த்தது இல்லை. அதையும் மேடையில் அப்படியே சொல்லுங்கள். விவரம் விளங்க விளங்க அலங்காரம் தேவைப்படாது. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பாதிப்பேர் மோட்டார் இறக்கிப் பழகியவர்கள். ஒரு எச்பி தப்பாகச் சொன்னாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். சரியாகச் சொன்னால் அதுவும் தெரியும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இந்தக் கதைக்கு உரியவர் அந்த மெக்கானிக். அவரிடமும் விவசாயியிடமும் அனுமதி கேளுங்கள். கம்பெனிக்குத் தெரியாமல் செய்த வேலை என்று அவர் தயங்கலாம். வாரண்டி விதியை மீறியதாகிவிடுமோ என்ற கவலை இருக்கலாம். காசு வாங்காததை ஊரறியச் சொல்வது அவருக்குப் பிடிக்காமலும் போகலாம். பெயரையும் ஊரையும் மாற்றிச் சொல்லட்டுமா என்று கேளுங்கள். சம்மதித்தால், மாற்றியிருக்கிறேன் என்பதை அரங்கில் சொல்லிவிடுங்கள். பெயரோடு சொல்லலாம் என்றால் அவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள். அவர் பக்கத்து நாற்காலி விவசாயிக்கு. எதற்குமே மனமில்லை என்றால் விட்டுவிட்டு, அதே பட்டறையில் கொஞ்சநேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், வேறு சம்பவம் வரும். பேச்சை எழுதி முடித்ததும் ஒரு பிரதி எனக்கும் அனுப்புங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்